ஏழாவது காந்தம்

பிரிட்ஜ் கதவில் ஆறு காந்தங்கள்தான் இருந்தன.

டேப்பு நான்காவது முறையாக எண்ணினான். மேலிருந்து கீழே எண்ணினாலும் ஆறு, கீழிருந்து மேலே எண்ணினாலும் ஆறு. கண்ணை இறுக மூடித் திறந்து, வேறு யாரோ எண்ணுவதுபோல் அலட்சியமாக எண்ணிப் பார்த்தான். அப்போதும் ஆறுதான். ஏழு இருக்க வேண்டும்.

"தள்ளுங்க, பால் எடுக்கணும்," என்றாள் மனைவி.

"இதுலேர்ந்து நீ ஏதாவது எடுத்தியா?"

"எதை?"

"காந்தம். சின்னதா, கறுப்பா, பட்டன் மாதிரி."

"நான் ஏன் எடுக்கறேன்? வீட்டுக்கு வர்றவங்கல்லாம் உங்க பிரிட்ஜுக்கு அம்மை போட்டிருக்கான்னு கேக்கறாங்க. அதைத் தொடவே எனக்குப் பிடிக்கல. தள்ளுங்க."

டேப்பு தள்ளி நின்றான். அங்கிருந்தே ஐந்தாவது முறையாக எண்ணினான்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. இடது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கறுப்பு டேப் சுருளை வளையல்போல மாட்டிக்கொண்டு திரிவதால் கடல் ஆராய்ச்சி நிலையம் முழுவதும் அவனை டேப்பு என்றுதான் கூப்பிடும். கரையேறி முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் ஆமையை விடியற்காலையில் மறித்து, அதன் முதுகோட்டில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைப் பசை போட்டு ஒட்டி அனுப்புவது அவன் வேலை. மூச்சுவிட ஆமை மேலே வரும்போதெல்லாம் அந்தக் கருவி செயற்கைக்கோளுக்குத் தகவல் கொடுக்கும். நிலையத்துத் திரையில் ஒரு புள்ளி நகரும். முட்டையிட்ட தாய் எங்கே போகிறாள், எந்தக் கடலில் இரை தேடுகிறாள் என்பதெல்லாம் அந்தப் புள்ளியை வைத்துத்தான் தெரியும்.

கருவியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருக்கும். காந்தம் இருக்கும்வரை கருவி தூங்கும். பிரித்து எடுத்தால் விழித்துக்கொள்ளும். ஜீப் குலுக்கலில் காந்தம் கழன்று, ஆமையைப் பார்க்கும் முன்பே கருவி கத்த ஆரம்பித்துவிடக் கூடாதே என்று, டேப்பு காந்தத்தின் மேல் தன் கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி வைப்பான். ஆமையை விடும்போது டேப்பைக் கிழித்துக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜில் ஒட்டுவான். எத்தனை ஆமை விட்டோம் என்பதற்கு அவனுக்கு அதுதான் கணக்குப் புத்தகம்.

இந்த வருடம் ஏழு ஆமைகள். ஆறு புள்ளிகள் திரையில் ஜோராக வடக்கே போய்க்கொண்டிருந்தன. ஏழாவது ஆறு நாளாக வரவில்லை.

அதுவும் எந்த ஆமை? நிலையத்தின் தலைவியான ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா, தன் கையாலேயே தலையைத் தடவி 'மகாராணி' என்று பெயர் வைத்த ஆமை. டேப்பு பசை தடவிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா அவன் தோளுக்குப் பின்னால் நின்று, "தம்பி, வலிக்குமா? தம்பி, மூச்சு முட்டுமா? தம்பி, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுங்களேன்," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டேப்பு பசைக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டோ எடுத்தான். ஒன்று போதாதென்று நான்கு எடுத்தான். அதற்குள் மகாராணி விறுவிறுவென்று அலைக்குள் இறங்கிவிட்டாள்.

காந்தமும் கூடவே போய்விட்டது. அது மட்டும் இப்போதுதான் புரிந்தது. அந்த ஒரு கருவிக்கு டேப்கூடச் சரியாகச் சுற்றவில்லை. சுருள் தீர்ந்துபோய் ஒரே ஒரு சுற்றுதான் வந்தது. அதையாவது கிழிக்காமல் விட்டானே, பாவி.

"என்னங்க, அந்த ஆர்டர் விஷயம் என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

அவள் கேட்டது பணி நிரந்தர ஆணை. ஒன்பது வருடமாக அவன் ஒப்பந்த ஊழியன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும், ஒரு நாள் வேலையில்லாதவனாக இருப்பான், மறுநாள் புது ஒப்பந்தம். அந்த ஒரு நாளில் எங்கே போவது என்று தெரியாமல் அவன் வழக்கம்போல் ஆபீசுக்கே போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். இந்த வருடம்தான் நீதிபதி அம்மா, "எத்தனை நாளைக்கு இவரை பெஞ்சுல உட்கார வைப்பீங்க?" என்று கேட்டு, ஆணை தயாரானது. இயக்குநர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஏழு புள்ளியும் ஓடினா கையெழுத்துன்னு சொல்லியிருக்கார்," என்றான் டேப்பு.

"ஓடுதில்ல?"

"ஓடும்," என்றான்.

* * *

அன்று காலை அவன் நிலையத்துக்குள் நுழைந்தபோதே இயக்குநர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவனை வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா லைன்ல இருக்காங்க," என்று போனின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். "மகாராணி எங்கேன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?"

உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். பிற்பாடு டேப்பு இதைப் பலமுறை நினைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"சில ஆமை இப்படித்தான் சார். ஆழத்துலயே இருக்கும். ரெண்டு மூணு நாள்ல மேல வந்துடும்."

இயக்குநர் போனிலிருந்து கையை எடுத்தார். "அம்மா, நாளைக்கு வந்துடுவாளாம்."

"சார், ரெண்டு மூணு நாள்னு..."

"நம்ம டேப்பு சொன்னா சரியா இருக்கும்மா. நாளைக்குக் காலையில உங்க போன்லயே புள்ளியைப் பாருங்க." போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். "ஆர்டர் என் பையிலயேதான் இருக்கு. புள்ளி வரட்டும், போட்டுத் தள்ளிடறேன்."

டேப்பு கருவி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அலமாரியில் ஒரு உபரிக் கருவி இருந்தது. யோசித்தான். இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் மனைவி கேட்ட கேள்வி காதில் இருந்தது.

கணினியைத் திறந்து, மகாராணியின் பெயருக்கு நேரே உபரிக் கருவியின் எண்ணையும் சேர்த்தான். இனி இரண்டில் எது விழித்தாலும் திரையில் நகரப்போவது மகாராணியின் புள்ளிதான். அந்தப் பக்கத்தை மூடினான். அதற்கப்புறம் அதைத் திறக்கவே இல்லை. செய்த தப்பைத் திரும்பப் போய்ப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

கருவி இருக்கிறது. கடலுக்கு அதைக் கொண்டுபோக ஆள் வேண்டும். அவனுக்குத் தெரிந்து சொந்தப் படகு வைத்திருந்த ஒரே ஆள் மச்சினன்.

மனைவியின் தம்பி. தனிக்கட்டை. துறைமுகத்தருகே வீடு. மஞ்சள் பட்டை போட்ட நீலப் படகு ஒன்றும், எதற்கும் 'சரி மாமா' என்று சொல்லும் ஒரு வாயும் அவன் சொத்து. துறைமுகத்துக்குள் போனால் நிலையத்துப் படகோட்டி கண்ணில் பட நேரும் என்பதால், டேப்பு அவனை வாசல் டீக்கடைக்கே வரவழைத்தான்.

"இதைக் கடலுக்குப் போனப்புறம் பிரி. முதல்ல இந்தக் காந்தத்தை எடுத்துடணும். மிதவையில கட்டிப் படகுக்குப் பின்னாடி விடு. கரைக்கு வெளியே பத்து கிலோமீட்டர் போய், வடக்கே திரும்பு. நாலஞ்சு நாள் மீன் பிடிச்ச மாதிரியும் இருக்கும். அப்புறம் நான் சொல்றப்போ அறுத்து விட்டுடு. ஆமை தொலைஞ்சு போச்சுன்னு நான் எழுதிக்கறேன்."

மச்சினன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆமைக்குப் பதிலா நான் போகணும். அதானே மாமா?"

"மெதுவா, தெரியுதா? ஆமை மாதிரி போகணும்."

"என் படகு எப்பவுமே அப்படித்தான் மாமா போகும். ஆனா ஒரு விஷயம்..."

"ஒரு விஷயமும் வேணாம். என் வாழ்க்கையே உன் கையில இருக்கு. நாளைக்குக் காலையில நீ கடல்ல இருக்கணும். படகு இருக்கில்ல?"

"படகுக்கென்ன மாமா, இருக்கு."

"அப்புறம் என்ன?"

"சரி மாமா."

* * *

மறுநாள் பதினோரு மணிக்குத் திரையில் ஏழாவது புள்ளி முளைத்தது.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். நீதிபதி அம்மா போனில் குழந்தைபோல் சிரித்தார். டேப்பும் சிரித்தான். பிறகு புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கரைக்கு வெளியே வடக்குப் பக்கம் இருக்க வேண்டியது, தெற்கே முப்பதாவது கிலோமீட்டரில் இருந்தது.

மாடிப்படிக்கு ஓடிப்போய் மச்சினனுக்கு போன் போட்டான்.

"டேய், வடக்கு எதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மாமா."

"அப்ப ஏன் தெற்கே போகுது?"

"தெற்கேயா போகுது?"

"அதை நீ என்னைக் கேக்கறியா?"

"இல்ல மாமா... காத்து. காத்து அப்படி அடிக்குது."

"டொக்கு டொக்குன்னு என்ன சத்தம் அங்கே?"

"அலை மாமா. படகுல வந்து தட்டுது."

"வடக்கே திருப்பு."

"சரி மாமா."

திருப்பவில்லை. அடுத்த நாள் புள்ளி இன்னும் முப்பது கிலோமீட்டர் தெற்கே போயிருந்தது. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு ஆமையும் வடக்கே போக, இவள் மட்டும் தெற்கே! இதுவரை யாரும் எழுதாத பாதை! கதவைச் சாத்திக்கொண்டு கட்டுரை எழுத உட்கார்ந்தார். மாலைக்குள் இரண்டு பத்திரிகைக்காரர்களிடம் பேசிவிட்டார். "ஆமைகளைப் பத்தி நாம நினைச்சிட்டிருந்ததெல்லாம் தப்பு" என்று அவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முழங்குவது டேப்பு காதில் நன்றாகவே விழுந்தது.

"டேய், ஆமை தினமும் இவ்வளவு தூரமெல்லாம் போகாதுடா. வேகத்தைக் குறை!"

"சரி மாமா. குறைச்சுடறேன்."

மறுநாள் புள்ளி ஐந்தே கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. டேப்புக்குப் போன உயிர் பாதி வந்தது. அன்று இரண்டு வாய் கூடவே சாப்பிட்டான்.

"உன் தம்பி மோசமில்ல. ரெண்டு அதட்டு போட்டா கேக்கறான்," என்றான் மனைவியிடம்.

"எதுக்கு அதட்டினீங்க அவனை?" என்று அவள் கரண்டியோடு திரும்பினாள். "என் தம்பியை ஒரு வார்த்தை சொல்லலைன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே."

மறுநாள் புள்ளி ஒரு வட்டம் போட்டது. அழகான, முழு வட்டம். "இரையைச் சுத்தி வளைக்கறா!" என்று இயக்குநர் கூவி, கட்டுரையில் இன்னொரு பத்தி சேர்த்தார். வலை வீசுகிறான் தடியன் என்று டேப்பு பல்லைக் கடித்தான். இனி இவன் என்ன செய்தாலும் அது விஞ்ஞானம் ஆகிவிடும். ஒன்றுமே செய்யாமல் இருந்தால்தான் தப்பிக்கலாம்.

"நகராதே. நங்கூரத்தைப் போட்டுட்டு அப்படியே கிட. நான் சொல்ற வரைக்கும் ஒரு அடி அசையக் கூடாது. புரியுதா?"

"அதெல்லாம் நல்லாவே கிடப்பேன் மாமா," என்றான் மச்சினன், இதுவரை இல்லாத உற்சாகத்தோடு.

புள்ளி நின்றது. அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றது. அப்பாடா என்று டேப்பு காலை நீட்டி உட்கார்ந்தபோதுதான் நீதிபதி அம்மா நேரிலேயே வந்தார்.

"ரெண்டு நாளா அசையல," என்றார். முகம் வெளுத்திருந்தது. "ஓடிட்டிருந்தவ ஏன் நிக்கறா? வலையில மாட்டிக்கிட்டாளா?"

"இரை கிடைச்சிருக்கும்மா. தின்னுட்டு நிக்கறா," என்றான் டேப்பு.

"அப்ப சரி, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் படகு."

"நானே சொல்லலாம்னு இருந்தேன்!" என்றார் இயக்குநர். டேப்பின் முதுகில் தட்டினார். "நீயும் வா. ஆர்டரையும் எடுத்துட்டு வர்றேன். மகாராணி முன்னாடியே கையெழுத்து. போட்டோவும் எடுத்துடலாம்."

* * *

அன்று மாலை டேப்பு மச்சினனுக்கு இருபத்து மூன்று முறை போன் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் இருபத்து மூன்று முறையும் சலிக்காமல் சொன்னாள். பொறுக்க முடியாமல் துறைமுகத்துக்கே போனான். மச்சினன் வீடு பூட்டிக் கிடந்தது. நீலப் படகு கட்டுகிற இடத்தில் வெறும் கயிறு மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. ஆக, கடலில்தான் இருக்கிறான். அவன் சொன்ன இடத்தில், சொன்னபடி, ஒரு அடி அசையாமல். வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறான், அதுவும் இன்றைக்கா கேட்க வேண்டும்!

காலை ஆறு மணிக்குப் படகு கிளம்பியது. நிலையத்துப் படகோட்டி பேசாத ஆள். விரல் நகமெல்லாம் தார் அப்பியிருந்தது.

"திடீர்னு கூப்பிட்டுட்டோம், சிரமமா?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"வேற ஒரு வேலை கையில இருந்துச்சும்மா. பரவாயில்ல, அது எங்கேயும் ஓடிடாது," என்றுவிட்டு அவர் எஞ்சினை இழுத்தார்.

நான்கு மணி நேரப் பயணம். முதல் மணி நேரத்தில் டேப்பு தலைவலி என்றான். இயக்குநர் மாத்திரை கொடுத்தார். இரண்டாவது மணியில் அலை கூடுகிறது, திரும்பிவிடலாமா என்றான். படகோட்டி கடலை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார், எஞ்சினை இன்னும் கொஞ்சம் முடுக்கினார். மூன்றாவது மணியில், திரையில் தெரியும் இடம் கொஞ்சம் பிசகாக இருக்கும், நாம் இன்னும் கிழக்கே போக வேண்டும் என்று ஆரம்பித்தான். நீதிபதி அம்மா தன் போனை உயர்த்திக் காட்டினார். மகாராணியின் புள்ளி அங்கே பளிச்சென்று இருந்தது.

"எதுக்குத் தம்பி கிழக்கே? இதோ, நேராத்தானே இருக்கா?"

அந்த அம்மாவின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து பெரிய கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தார். தையல்காரர்கள் கம்பளி வெட்டுவார்களே, அந்த அளவு.

"வலையில மாட்டியிருந்தா வெட்டணுமில்ல? நேத்தே சாணை பிடிச்சு வச்சுட்டேன்." கத்தரியை வெயிலில் திருப்பிப் பார்த்தார். "அந்த ஆறு நாள் புள்ளி வராதப்போ எனக்குச் சாப்பாடே இறங்கல தம்பி. எழுபது வயசுல ஒரு ஆமைக்காக இப்படி உட்கார்ந்திருக்கேனேன்னு எனக்கே சிரிப்பாவும் இருந்துச்சு. ஆனா என்ன பண்றது? தலையைத் தொட்டுட்டேனே. நீங்கதான் வந்துடுவான்னு தைரியம் சொன்னீங்க."

டேப்பு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"இன்னும் ஒரு கிலோமீட்டர்," என்றார் இயக்குநர். பையிலிருந்து ஆணையை எடுத்து முழங்கால்மேல் விரித்து, பேனா மூடியைத் திறந்துகொண்டார்.

ஒரு கிலோமீட்டர். இன்னும் ஐந்து நிமிடத்தில் நீலப் படகு தெரியும். அதன் மேல்தட்டில் பனியனோடு மல்லாந்து படுத்திருக்கும் மச்சினன் எழுந்து நின்று, கையை ஆட்டி, 'மாமா! அசையவே இல்ல மாமா!' என்று கத்துவான். டேப்புக்கு அது கண்ணெதிரே நடப்பதுபோலவே தெரிந்தது.

"அரைக் கிலோமீட்டர்."

நீதிபதி அம்மா எழுந்து நின்றார். மிதவைச் சட்டையின் வாரை இழுத்து இறுக்கினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி டேப்பின் கையில் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க தம்பி. தேவைப்பட்டா நான் இறங்கிடுவேன்."

"அம்மா, நீங்களா?" என்று இயக்குநர் பதறினார்.

"எனக்கு நீச்சல் தெரியும். அவ மூச்சு முட்டிட்டிருக்கும்போது நான் என்ன வேடிக்கையா பார்க்கறது?"

கடிகாரம் டேப்பின் உள்ளங்கையில் சூடாக இருந்தது. பயத்தைக்கூட அவன் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை.

"அம்மா, இறங்காதீங்க," என்றான். "அங்கே மகாராணி இல்ல."

"பின்ன?"

"என் மச்சினன்."

இயக்குநர் சிரித்தார். "வெயில் ஏறிடுச்சு இவனுக்கு. டேப்பு, தண்ணியைக் குடி."

"வெயில் இல்ல சார். நிஜம்." டேப்பு படகின் நடுப்பலகையில் உட்கார்ந்தான்.

நீதிபதி அம்மா கத்தரிக்கோலை மெல்ல மடியில் வைத்தார். முப்பது வருடப் பழக்கம் குரலில் தானாக வந்து உட்கார்ந்தது. "யாரும் வற்புறுத்தலையே? நீங்களாத்தானே சொல்றீங்க?"

"நானாத்தான் சொல்றேன்மா."

எல்லாவற்றையும் சொன்னான். நான்கு போட்டோ எடுத்தது, காந்தத்தைப் பிரிக்க மறந்தது, பிரிட்ஜில் ஆறு இருந்தது, உபரிக் கருவி, டீக்கடை, மஞ்சள் பட்டை போட்ட நீலப் படகு, தெற்கு, வட்டம், நங்கூரம். எதையும் ஒளிக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் அழுதும்விட்டான்.

"அப்ப அந்த வட்டம்?" என்றார் இயக்குநர், ஈனக் குரலில்.

"வலை போட்டிருப்பான் சார்."

"இரையைச் சுத்தி வளைக்கறான்னு பத்திரிகையில வந்துடுச்சேய்யா!"

இயக்குநர் ஆணையைத் தூக்கினார். கடலைப் பார்த்து அதை நான்காகக் கிழித்தார். வீசப் போன கை அப்படியே நின்றது. பதினெட்டு வருடமாகக் கடலில் குப்பை போடாதீர்கள் என்று மேடை மேடையாகப் பேசிய மனிதர். நான்கு துண்டையும் மடித்துத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

ஒன்பது வருடம் இயக்குநரின் சட்டைப்பைக்குள் போனதை டேப்பு பார்த்தான். மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது.

நீதிபதி அம்மா மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் மகாராணி எங்கே தம்பி?"

"தெரியலம்மா. காந்தத்தோட எங்கேயோ போயிட்டா. இனிமே அவளைக் கண்டுபிடிக்கவே முடியாது. என்னை மன்னிச்சுடுங்க."

படகோட்டி எஞ்சினை அணைத்தார். காலையிலிருந்து இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், தார் படிந்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்கம்மா. அந்த மஞ்சப் பட்டை போட்ட நீலப் படகு பதினஞ்சு நாளா அடிப்பலகை மாத்த என் பட்டறையிலதான் கவுந்து கிடக்கு, சாரோட மச்சினன் தினமும் எனக்குத் தார்ச்சட்டி பிடிச்சுட்டு பக்கத்துலயேதான் நிக்கறார்... அப்ப அதோ, முதுகுல பொட்டியும் பிஞ்ச டேப்புமா தலையைத் தூக்கி நம்மளையே பாத்துட்டிருக்கே, அது யாரு?"